ஒன்னாவது, ரெண்டாவது பிள்ளைங்களுக்கு ஹோம்வொர்க் எவ்வளவு இருக்கலாம்? அம்மா அப்பாங்க திரும்ப திரும்ப கேக்கறதும் என் பதிலும்

திருப்பூர்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல 11 வருஷம் ஒன்னாவது, ரெண்டாவது க்ளாஸ் எடுத்தேன். இப்ப வேலைய விட்டுட்டேன், எம்பொண்ணு ரெண்டாவது படிக்கறா. அன்னிக்கு போர்டுல ஹோம்வொர்க் எழுதிப்போட்ட அதே கைதான் இன்னிக்கு ராத்திரி கட்டிலுக்கு அடியில ரப்பர் தேடிட்டு இருக்கு. வேன் நிக்கற இடத்துல, மளிகைக் கடையில, கல்யாண வீட்டு பந்தியில கூட "மிஸ், ஒரு டவுட்டுங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா முக்காவாசி இதைப் பத்திதான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஒன்னாவது படிக்கற குழந்தைக்கு எவ்வளவு ஹோம்வொர்க் இருக்கலாம்?

எழுதற ஹோம்வொர்க் சுத்தமா கூடாது. ஒன்னாவதுக்கும் ரெண்டாவதுக்கும் பூஜ்யம். இது நானா சொல்றது இல்லைங்க. சிபிஎஸ்இ ஸ்கூல்கள் என்சிஇஆர்டி (மத்திய அரசுக்கு பாடத்திட்டம், புக்கு தயார் பண்ற அமைப்பு) சொன்னதுக்கு மேல கண்ட புக்கெல்லாம் வாங்க வெக்கறாங்கன்னு ஒரு வக்கீல் சென்னை ஹைகோர்ட்ல கேஸ் போட்டாரு, அதுல 2018 மே மாசம் நீதிபதி கிருபாகரன் குடுத்த ஆர்டர்லயே ஒன்னாவது ரெண்டாவதுக்கு ஹோம்வொர்க் கூடாதுன்னு வந்துடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் சர்க்குலர் அனுப்புச்சு. பொறவு 2020ல ஸ்கூல் பை கொள்கைன்னு ஒன்னு கொண்டாந்தாங்க, பேருதான் பை, உள்ள ஹோம்வொர்க்குக்கும் கணக்கு இருக்கு. ரெண்டாவது வரைக்கும் கிடையாது, மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் வாரத்துக்கு 2 மணி நேரம், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரம், ஒம்பதாவதுல இருந்து ஒரு நாளைக்கு 2 மணி நேரம், அதுக்கு மிஞ்சக்கூடாது.

மூணாவது பிள்ளைக்கு வாரத்துக்கு 2 மணி நேரம்ங்கறத நல்லா கவனிங்க, ஒரு நாளைக்கு இல்ல. அஞ்சு நாளைக்குப் பிரிச்சா 24 நிமிஷம். அதுவும் எல்லா பாடமும் சேத்து.

எங்க ஸ்கூல் சிபிஎஸ்இ இல்லைங்க, மெட்ரிக். எங்களுக்கும் பொருந்துமா?

கேஸ் என்னமோ சிபிஎஸ்இ ஸ்கூல் மேலதான். ஆனா கோர்ட்டு அதோட நிக்கல, எல்லா மாநில அரசுக்கும் எல்லா போர்டுக்கும் இதைச் சொல்லுங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. அதனால "எங்க போர்டு வேற"ங்கறதெல்லாம் சாக்குதான். ஆறு வயசுப் பிள்ளையோட கை மெட்ரிக்ல ஒரு மாதிரியும் சிபிஎஸ்இல ஒரு மாதிரியுமா வலிக்குது?

ஆனா ஒன்னு, 2020ல வந்தது கொள்கைதான், மீறினா இவ்வளவு ஃபைன்னு அதுல எதுவும் இல்ல. கோர்ட்டு பறக்கும் படை போட்டு செக் பண்ணச் சொல்லிச்சு. நான் வேலைல இருந்த வரைக்கும் எங்க பக்கம் அந்தப் படை பறந்து பாக்கல. நாங்க பண்ணதையும் சொல்லிடறேன். ஆர்டர் வந்த வருஷம் டைரில "ஹோம்வொர்க்"னு அச்சடிச்சிருந்த இடத்துல "ப்ராக்டிஸ்"னு மாத்தி அச்சடிச்சோம். பக்கம் அதே பக்கம், கணக்கு அதே கணக்கு.

கூடாதுன்னா அப்பறம் ஏன் குடுத்துட்டே இருக்காங்க?

பாதி ஸ்கூல் மேல தப்பு, பாதி நம்ம மேல. கோவிச்சுக்காதீங்க.

ஒரு வருஷம் எங்க எச்.எம். நல்ல மனசோட ஒன்னாவதுக்கு எழுத்து ஹோம்வொர்க்க நிறுத்திப் பாத்தாங்க. அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அப்பா எந்திரிச்சு "பக்கத்து ஸ்கூல்ல டெய்லி நாலு பக்கம் எழுத வெக்கறாங்க, இங்க நோட்டு வெள்ளையா இருக்குது, நாங்க எதுக்குங்க ஃபீஸ் கட்டறது"ன்னு கேட்டாரு. அவரு சொன்னதும் சுத்தி இருந்தவங்க எல்லாம் தலைய ஆட்டினாங்க, ரெண்டு பேரு கை கூட தட்டினாங்க. ரெண்டே வாரத்துல பழையபடி ஆரம்பிச்சாச்சு. ஸ்கூலுக்கு அட்மிஷன் பயம், நமக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளைய பாத்து பயம், நடுவுல மாட்டறது அந்தச் சின்னது.

அப்பறம் டீச்சர் பக்கத்தையும் சொல்லணும். என் க்ளாஸ்ல 44 பேரு. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, ஈவிஎஸ்னு நாலு நோட்டு, மொத்தம் 176. அதைத் திருத்த எனக்குக் கெடச்சது ஒரு ஃப்ரீ பீரியட், 40 நிமிஷம். ஒரு நோட்டுக்கு 14 செகண்டு கூட வராது. என்ன படிச்சுத் திருத்தியிருப்பேன்னு நெனைக்கறீங்க? பக்கம் நெறஞ்சிருக்கான்னு பாப்பேன், செவப்பு பேனால ஒரு டிக், கையெழுத்து, அடுத்தது. நீங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் அடிச்சுப் பிடிச்சு எழுத வெச்ச அந்தப் பக்கத்துல 'பள்ளி'க்கு பதிலா 'பல்லி'ன்னு பிள்ளை எழுதியிருந்ததுக்கே நான் ஸ்டார் போட்டிருக்கேன்.

எழுதி எழுதிப் பாத்தாதானே மனசுல நிக்கும்? நாமளும் அப்படித்தானே படிச்சோம்?

இதைக் கேக்காத ஆளே இல்ல. 51ல இருந்து 100 வரைக்கும் நம்பர் நேம்ஸ் எழுதிட்டு வாங்கன்னு ரெண்டாவது க்ளாசுக்கு குடுப்போம். ஒரு தடவ லஞ்ச் டைம்ல ஒருத்தன் அதை க்ளாஸ்லயே எழுதிட்டு இருந்தான், பின்னாடி நின்னு பாத்தேன். மொதல்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஃபிஃப்டி, ஃபிஃப்டி, ஃபிஃப்டின்னு ஒம்பது தடவ எழுதினான், அதுக்கப்பறம் மேல போயி ஒவ்வொன்னு பக்கத்துலயும் ஒன், டூ, த்ரீன்னு ஒட்டிட்டே வந்தான். நல்ல ஃபேக்டரி வேலை, பனியன் கம்பெனியில கை வேற பாடி வேறன்னு வெட்டி வெச்சுத் தெக்கற மாதிரி. எழுதி முடிச்சதும் நோட்ட மூடச் சொல்லிட்டு 57 எப்படிடா எழுதுவேன்னு கேட்டேன். முழிக்கறான். அவன் மேல தப்பே இல்ல, பக்கத்த நெறப்பச் சொன்னோம், நெறப்பினான், அதுவும் புத்திசாலித்தனமா.

ஆராய்ச்சின்னு கேட்டீங்கன்னா அமெரிக்காவுல ட்யூக் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் இதையே வருஷக்கணக்கா பாத்தவரு. 1987ல இருந்து 2003 வரைக்கும் அங்க வந்த ஆய்வுகள எல்லாம் ஒன்னா சேத்து 2006ல எழுதினாரு. ஏழாவதுல இருந்து ஹோம்வொர்க் செய்யறதுக்கும் மார்க்குக்கும் ஓரளவு சம்பந்தம் தெரியுது, சின்ன க்ளாசுல அந்த சம்பந்தம் ரொம்ப ரொம்ப கம்மி. இவரு ஹோம்வொர்க்குக்கு எதிரி எல்லாம் இல்ல, அளவா இருந்தா நல்லதுன்னு சொல்ற ஆளு, அவரே சொல்றாருங்கறதுதான் விஷயம்.

நாம அப்படிப் படிச்சோம்ங்கறதும் முழுசா நெஜம் இல்ல. நான் ஒன்னாவது படிச்சப்ப ஒரு சிலேட்டு, அதுல எழுதினத ஸ்கூல்லயே டீச்சர்கிட்ட காட்டிட்டு கோவை இலை வெச்சு அழிச்சுட்டு வெறும் சிலேட்டோட வீட்டுக்கு வருவேன். சாயங்காலம் அஞ்சு கல்லு, நொண்டி. இம்போசிஷன் எல்லாம் பெரிய க்ளாஸ் போனப்பறம்தான், நமக்கு ஞாபகம் இருக்கறது அதுதான்.

பத்து நிமிஷ ரூல்னு சொல்றாங்களே, அது என்ன?

அது அமெரிக்காவுல டீச்சர் சங்கமும் பேரண்ட்ஸ் சங்கமும் ஒத்துக்கிட்ட ஒரு கணக்கு. எத்தனாவது படிக்குதோ அதைப் பத்தால பெருக்கிக்கணும், அவ்வளவு நிமிஷம்தான் ஒரு நாளைக்கு. ஒன்னாவதுக்கு 10, மூணாவதுக்கு 30. புக்கு படிக்கறதும் இந்தக் கணக்குக்குள்ள வரலாம். இதைப் படிச்சுட்டு ஒருத்தங்க என்கிட்ட "அப்ப ஒன்னாவதுக்கு பத்து நிமிஷம் கண்டிப்பா குடுக்கணும்ல மிஸ்"னு கேட்டாங்க. இல்லைங்க, இதுக்கு மேல போகாதன்னு சொல்றதுதான் அது. நம்ம ஊருல அந்த பத்து நிமிஷத்தையும் வாய்விட்டு படிக்க மட்டும் வெச்சுக்கிட்டா போதும்ங்கறது என் அபிப்பிராயம்.

நல்ல ஹோம்வொர்க், கெட்ட ஹோம்வொர்க்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பக்கத்த எண்ணாதீங்க, நிமிஷத்த கூட அப்பறம் எண்ணலாம். மொதல்ல பாக்க வேண்டியது பிள்ளை அதைத் தனியா செய்யுதா இல்லையாங்கறதுதான். நோட்ட எடுத்துக் குடுத்துட்டு நீங்க சமையல்கட்டுக்கு போயிடுங்க. மாவு ஊத்துங்க, பாத்திரம் வெளக்குங்க, என்னமோ பண்ணுங்க, பக்கத்துல மட்டும் உக்காராதீங்க. இருவது நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா நடுவுல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ "அம்மா இது என்ன"ன்னு கேட்டுட்டு முடிச்சிருந்தா அது அந்தப் பிள்ளையோட ஹோம்வொர்க். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டு, அழுது, ரப்பர் வெச்சு தேச்சு பேப்பர்ல ஓட்ட விழுந்து, கடைசில நீங்க கைய பிடிச்சு எழுத வெச்சா அது உங்களுக்கு குடுத்த ஹோம்வொர்க். உங்களுக்கு எதுக்கு ஹோம்வொர்க், நீங்கதான் ரெண்டாவது பாஸ் பண்ணியாச்சே.

இதை நான் டீச்சரா இருந்தப்ப யோசிச்சதே இல்ல. ஒரு நாள் ஒரு நோட்டுல எழுத்து கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு, 'ஞ'வோட சுழி எல்லாம் ரொம்ப அழகா, ஆனா கோடு மட்டும் நடுங்கற மாதிரி. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டா "அம்மா இடது கையில எழுதுனாங்க மிஸ், அப்பத்தான் என் எழுத்து மாதிரியே வரும்னாங்க"ங்குது. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு போனப்பறம்தான், ஒரு பெரிய பொம்பளை ராத்திரி உக்காந்து இடது கையில நாலு கோடு நோட்டு எழுதற அளவுக்கு நாம கொண்டாந்து விட்டிருக்கோமேன்னு உறைச்சுது.

ராத்திரி பத்து மணி ஆனாலும் முடிய மாட்டேங்குது, ஒரே அழுகை. என்ன பண்ணட்டும்?

நோட்ட மூடிட்டு படுக்க வெச்சுடுங்க. நெஜமாத்தான் சொல்றேன்.

ஆறு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு 9 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் தூக்கம் வேணும்னு தூக்கத்துக்கான டாக்டருங்க சொல்றாங்க. எங்க வீட்டுல வேன் ஏழரைக்கு வரும், ஆறே காலுக்கு எழுப்பியே ஆகணும், அப்ப ஒம்பதுக்கே தூங்கினாதான் ஒம்பதே கால் மணி நேரம் வருது. பத்தரை வரைக்கும் எழுத வெச்சா மறுநாள் க்ளாஸ்ல உக்காந்தே தூங்கும், அன்னிக்கு நடத்தினதும் போச்சு, அதுக்கும் சேத்து ஹோம்வொர்க் வரும்.

எம்பொண்ணுக்கு ஸ்கூல் தொறந்து மூணாவது மாசமே இப்படி ஒரு நாள் ஆச்சு. ஒம்பதே முக்கால் இருக்கும், சத்தமே இல்லையேன்னு வந்து பாத்தா பென்சில் கையில இருக்கு, தலை நோட்டு மேல, கன்னத்துல கட்டம் போட்ட நோட்டோட பென்சில் கரி அப்பியிருக்கு, 36ங்கற நம்பர் தலைகீழா தெரியுது. தூக்கிட்டு போயி படுக்க வெச்சுட்டு நான்தான் டைரில எழுதினேன். எல்லாரும் என்ன எழுதினீங்கன்னு கேக்கறாங்க, இதேதான்:

"வணக்கம் மிஸ். நேத்து 25 நிமிஷம் உக்காந்து எழுதினா, பாதி முடிஞ்சுது, தூக்கம் வந்துடுச்சு, நான்தான் நிறுத்தச் சொன்னேன். கடன் வாங்கிக் கழிக்கறது அவளுக்கு இன்னும் புரியலைன்னு நெனைக்கறேன், ஒரு தடவ பாருங்க."

எத்தனை நிமிஷம்னு எழுதுங்க, நிறுத்தினது நீங்கன்னு எழுதுங்க, எது புரியலைன்னும் எழுதுங்க. இந்த மூணாவது ரொம்ப முக்கியம், ஏன்னா டீச்சருக்கு உபயோகமான ஒரே விஷயம் அதுதான், 14 செகண்டுல அவங்களால அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படி எழுதினா டீச்சர் பிள்ளை மேல கோவத்தக் காட்ட மாட்டாங்களா?

காட்டறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நூத்துல தொண்ணூறு டீச்சரு ஒன்னும் சொல்ல மாட்டாங்க, அவங்க வீட்டுலயும் இதே கூத்துதான் நடக்குது. எழுதலன்னு வெளிய நிக்க வெச்சாலோ, அடிச்சாலோ, எல்லாரு முன்னாடியும் திட்டினாலோ அது 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கே விரோதம். 17வது பிரிவுல உடம்பு தண்டனையும் கூடாது, மனசு நோகற மாதிரி நடத்தவும் கூடாதுன்னு தெளிவா இருக்கு. இதை மொதல் நாளே கொண்டு போயி டீச்சர் மூஞ்சில நீட்டாதீங்க. டைரி ரெண்டு தடவ, நேர்ல ஒரு தடவ, அப்பறம் எச்.எம்., அதுக்கும் அசையலைன்னா எழுத்துல ஒரு லெட்டரு, அந்த லெட்டர்ல வேணா பிரிவு நம்பர் போட்டுக்கலாம். இன்னொன்னு, ஒருத்தரா போறதுக்கு அதே க்ளாஸ் அம்மாங்க நாலு பேரு சேந்து போனீங்கன்னா யாரோட பிள்ளைன்னு தனியா குறி வெக்க முடியாது.

யூகேஜி குழந்தைக்கு தினமும் ரெண்டு பக்கம் எழுத குடுக்கறாங்க. சரியா?

சரியே இல்ல. எல்கேஜி யூகேஜில பென்சிலே அளவாத்தான் பிடிக்கணும். நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்குங்க, பொறந்தப்ப அதெல்லாம் குருத்தெலும்புதான், ஒவ்வொன்னா வருஷக்கணக்குல எலும்பா மாறும், கடைசி எலும்பு வர எட்டு வயசு தாண்டிடும். நாலு வயசுப் பிள்ளை பென்சில முஷ்டிய மடக்கிப் பிடிச்சு அழுத்தி எழுதுதுன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, விரல்ல இன்னும் பலம் வரல. சப்பாத்தி மாவு குடுங்க உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், முறம் நெறைய அரிசிய பரப்பி அதுல விரலால 'அ' போடட்டும். துணி கிளிப்ப அமுக்கி எடுத்து கொடியில மாட்டறது இருக்கே, அத மாதிரி விரலுக்கு பயிற்சி வேற இல்ல, நமக்கும் ஒரு வேலை மிச்சம்.

நாங்க ரெண்டு பேரும் கம்பெனிக்கு போறோம், எங்களுக்கு இங்கிலீசும் தெரியாது. யாருங்க சொல்லிக்குடுக்கறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உக்காந்தேன். எங்க ஊருல ஒன்றரை ஷிப்டு பாத்தா வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை ஒம்பது ஆயிடும். என் க்ளாஸ்ல ஒரு பையன், அப்பா டெய்லரு, அம்மா செக்கிங் (தெச்ச துணிய சரி பாக்கற வேலை). அவனோட நோட்டு எப்பவும் காலியா இருக்கும், நானும் எப்பவும் திட்டுவேன். பக்கத்து பெஞ்ச்ல ஒரு பொண்ணு, அம்மா பி.எட். படிச்சுட்டு வீட்டுல இருக்காங்க, நோட்டு அச்சடிச்ச மாதிரி இருக்கும், வாரம் தவறாம ஸ்டாரு. ஒரு நாள் ரெண்டு பேருத்தையும் போர்டுகிட்ட கூப்பிட்டு ஒரே கணக்க குடுத்தேன். அவன் விரல் விட்டு எண்ணி பட்டுன்னு சொல்லிட்டான், கடைக்கு போயி சில்லறை வாங்கற பையன். அந்தப் பொண்ணு அம்மா வருவாங்களான்னு பாக்கற மாதிரி என்னையே பாத்துட்டு நிக்குது. நான் இத்தனை நாளா ஸ்டார் போட்டது யாருக்குன்னு அன்னிக்கு ஒரு கணக்கு எனக்கும் புரிஞ்சுது.

அதனால உங்களுக்கு சொல்றது இதுதான், சொல்லிக்குடுக்கறது ஸ்கூலோட வேலை, அதுக்குத்தான் ஃபீஸ். உங்களுக்கு இங்கிலீசு தெரியலைங்கறதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. ராத்திரி சாப்பிடறப்ப "இன்னிக்கு மிஸ் என்ன சொன்னாங்க கண்ணு, எனக்கு சொல்லிக்குடு"ன்னு கேளுங்க. தெரியாதவங்களுக்கு சொல்லிக்குடுக்கறப்ப பிள்ளைக்கு அப்படி ஒரு பெருமை, தப்பா சொன்னாலும் பரவால்ல. அரசுப் பள்ளில படிக்குதுன்னா எண்ணும் எழுத்தும் புக்கு இருக்கும், 2022ல ஒன்னுல இருந்து மூணாவது வரைக்கும் ஆரம்பிச்ச திட்டம், பிள்ளையோட நெலைய பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு க்ளாஸ்லயே ஆடிப்பாடி செய்ய வெப்பாங்க. "அங்க எழுதவே வெக்கறதில்லை"ன்னு ஏளனமா பேசறவங்க ஒரு நாள் போயி பாக்கணும்.

பேசாம டியூஷன் அனுப்பிடலாமா?

ஹோம்வொர்க் முடிக்கறதுக்காக மட்டும்னா வேண்டாங்க. எட்டு மணி நேரம் ஸ்கூலு, வேன்ல ஒரு மணி நேரம், மறுபடி டியூஷன்ல ரெண்டு மணி நேரம், பெரியவங்க ஒன்றரை ஷிப்டு போனா பேட்டா குடுக்கறாங்க, இதுக்கு அதுவும் இல்ல. அங்கயும் முப்பது பிள்ளைங்கள ஒரு ஹால்ல உக்கார வெச்சு ஒருத்தி சொல்ல சொல்ல எழுத வெச்சுதான் அனுப்பறாங்க. வேற வழியே இல்ல, வீட்டுல பாத்துக்க ஆள் இல்லைன்னா அனுப்புங்க, பாதுகாப்பா ஒரு இடத்துல இருக்குதுன்னு நெனச்சுக்கோங்க. ஆனா அதே ஸ்கூல் டீச்சரு தன் க்ளாஸ் பிள்ளைய தன் வீட்டு டியூஷனுக்கு வரச் சொன்னா சரின்னு சொல்லாதீங்க, டீச்சருங்க தனியா டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல 28வது பிரிவே இருக்கு.

ப்ராஜெக்ட், சார்ட்டு, மாடல் எல்லாம்?

இதைப் பத்தி பேசினா எனக்கு கோவம் வரும், சுருக்கமா முடிச்சுக்கறேன். ராத்திரி ஒம்பது மணிக்கு ஃபேன்சி ஸ்டோர்ல போயி பாருங்க, நாலு அப்பாங்க தெர்மகோல் சீட்டு கேட்டுட்டு நிப்பாங்க. ரெண்டாவது படிக்கற பிள்ளை சோலார் சிஸ்டம் செஞ்சு கொண்டாருதுன்னா அதுல சனி கிரகத்துக்கு வளையம் ஒட்டினது அப்பாவா இல்ல சித்தப்பாவாங்கறது மட்டும்தான் சந்தேகம். பிள்ளையே செய்யட்டும், கோணலா இருந்தாலும் அதையே குடுத்தனுப்புங்க. நான் டீச்சரா சொல்றேன், கோணலா வர்ற சார்ட்ட பாத்தா எங்களுக்கு சந்தோஷமாத்தான் இருக்கும், செவுத்துல ஒட்டறப்ப மட்டும் எச்.எம். மொகம் சுளிப்பாங்க.

வெளிநாட்டுல எல்லாம் எப்படி?

ஃபிரான்சுல ப்ரைமரி பிள்ளைங்களுக்கு எழுதற ஹோம்வொர்க் கூடாதுன்னு 1956லயே சர்க்குலர் போட்டாச்சு, அங்கயும் டீச்சருங்க குடுத்துட்டுதான் இருக்காங்களாம், நம்ம ஊரு மட்டும் இல்ல. சீனாவுல 2021ல ஒன்னாவது ரெண்டாவதுக்கு எழுத்து வேலையே கூடாதுன்னுட்டாங்க, மூணுல இருந்து ஆறு வரைக்கும் 60 நிமிஷம்தான். போலந்துல 2024 ஏப்ரல்ல இருந்து மூணாவது வரைக்கும் ஹோம்வொர்க் கிடையாது. ஃபின்லாந்துல ஹோம்வொர்க்கே இல்லைன்னு ஃபார்வர்ட் மெசேஜ் சுத்துது பாருங்க, அது தப்பு, கொஞ்சூண்டு இருக்கு. ஆனா அங்க ஏழு வயசுலதான் ஒன்னாவதே சேக்கறாங்க.

வெளிநாட்டு கத எதுக்கு, நம்ம நாட்டுலயே யஷ்பால்னு ஒரு விஞ்ஞானி தலைமைல கமிட்டி போட்டு 1993ல ரிப்போர்ட் குடுத்தாங்க, ப்ரைமரிக்கு ஹோம்வொர்க் வேண்டாம், வீட்டச் சுத்தி இருக்கறத பாத்து தெரிஞ்சுக்கற மாதிரி இருந்தா போதும்னு. அதுக்கு முன்னாடியே எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் நியமன எம்பியா ராஜ்யசபாவுக்கு போனப்ப பேசின மொத பேச்சே பிள்ளைங்க முதுகுல இருக்கற மூட்டைய பத்திதான். அன்னிக்கு முதுகு வளைஞ்சு போன பிள்ளைங்கதான் இன்னிக்கு பேரண்ட்ஸ் மீட்டிங்ல எந்திரிச்சு நாலு பக்கம் கேக்குது.

பையோட வெயிட்டு?

பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல கூடாது. 20 கிலோ பிள்ளைன்னா 2 கிலோ, தண்ணி பாட்டில் டிபன் பாக்ஸ் எல்லாம் சேத்து பாத்தீங்கன்னா புக்குக்கு ஒன்னும் மிஞ்சாது. ஹோம்வொர்க் நோட்டு நாலு கொறஞ்சாலே பாதி பிரச்சன தீந்துடும்.

எழுத வேண்டாம்னா தமிழ் எப்படிங்க வரும்? 247 எழுத்து இருக்கே?

247ங்கறத பாத்து பயப்படாதீங்க. உயிர் 12, மெய் 18, அதோட ஆய்தம் ஒன்னு, மத்த 216ம் இதுல இருந்து வர்றதுதான். குறி புரிஞ்சா போதும், கால் போட்டா கா, கொம்பு போட்டா கெ. இதுக்கு அஞ்சு தடவ எழுதறத விட பத்து தடவ படிக்கறது மேல். வண்டியில போறப்ப பஸ் போர்டு படிக்கச் சொல்லுங்க. எம்பொண்ணு பல்லடம், அவிநாசி, காங்கேயம்னு படிச்சு படிச்சே 'ங்' கத்துக்கிட்டா. ஒரு நாள் டீக்கடை போர்டுல 'வடை'ய 'வலை'ன்னு படிச்சுட்டு "இங்க எதுக்கும்மா வலை விக்கறாங்க, மீன் இல்லையே"ன்னு கேட்டா. அன்னில இருந்து ட, ல ரெண்டும் குழம்பினதே இல்ல. மளிகை சீட்ட அவள எழுத வெக்கறேன், துவரம் பருப்புல 'ர'வா 'ற'வான்னு சண்ட வரும், அதுவும் நல்லதுக்குத்தான்.

ஹோம்வொர்க் இல்லைன்னா சாயங்காலம் பூரா போன்தானே பாக்கும்?

இது நியாயமான பயம். நெஜமாவே முக்காவாசி பேரு ஹோம்வொர்க் கேக்கறதுக்கு காரணம் படிப்பு இல்ல, பிள்ளை ஒரு மணி நேரம் ஒரு இடத்துல உக்காரட்டும்ங்கறதுதான். நானும் உக்கார வெச்சிருக்கேன், மறைக்கல. ஆனா அதுக்கு மருந்து நாலு கோடு நோட்டு இல்ல. எங்க வீட்டுல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். நாலே முக்காலுக்கு வேன்ல இருந்து எறங்கினா ஆறரை வரைக்கும் வெளிய. சந்துல நாலஞ்சு பிள்ளைங்க இருக்குது, சைக்கிள், ஓடிப்புடிச்சு, சண்ட, அழுகை எல்லாம் அங்கயே முடிஞ்சுடும். அப்பறம் குளியல். ஏழு மணிக்கு பத்து நிமிஷம் வாய்விட்டு படிக்கணும், அவ படிக்கறத கேக்கறது எங்கம்மா, அவளுக்கு அம்மாயி. அம்மாயிக்கு கண்ணு சரியா தெரியாது, அதனால இவ ஏமாத்த முடியாது, எழுத்துக் கூட்டி சத்தமா படிச்சாதான் கத புரியும், நடுவுல ஒரு வரிய விட்டா "நரி அங்க எப்படி சாமி போச்சு"ன்னு அம்மாயி நிறுத்திடுவாங்க. போன் அரை மணி நேரம், அதுவும் சாப்பாட்டுக்கு அப்பறம் இல்ல, முன்னாடி.

இதுக்கும் ஸ்கூல்ல இருந்து அரை பக்கம் எழுத்து வந்துட்டேதான் இருக்கு. எழுதற மூடு இருந்தா எழுதுவா, இல்லைன்னா டைரில நான் எழுதுவேன். போன வாரம் அவளோட மிஸ் என் குறிப்புக்கு கீழ செவப்பு மையில ஒரு வரி எழுதியிருந்தாங்க: "பரவால்ல மேடம், என் பையனும் எழுதல."